ஒன்பது பேருக்கு ஒரே பெயர்

மூன்றாவது தடவையும் திரையில் அதே பெட்டி வந்து நின்றது. மெமரி போதவில்லையாம். கோவர்த்தனன் சார் மவுஸைத் தூக்கி மேஜையில் டொக்கென்று வைத்தார். வைத்துவிட்டு, ஏதோ நான்தான் அவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து மெமரியை எல்லாம் தின்று தீர்த்தவள் போல என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2007, ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் மூன்றரை. திருப்பதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு ஒன்பது பேர் சாப்ட்வேர் எழுதுகிறோம். நாற்பதாயிரம் ஃபைல்களும் அவர்கள் சர்வரில் இருக்கின்றன. நாங்கள் ஒரு வரி மாற்றினாலும் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று அங்கே லாகில் பதிந்துவிடும். அன்று ரிலீசுக்காக பிராஞ்ச் போட வேண்டும். அதாவது, மொத்த ப்ராஜெக்டுக்கும் சர்வரிலேயே ஒரு நகல். ரிலீசுக்குப் போவது அந்த நகல். எங்கள் அன்றாட வேலை பழையதில் தொடரும். சாயங்காலம் ஐந்தரைக்கு அவர்களுக்குக் காலை எட்டு மணி. அவர்கள் ஆபீஸ் திறப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

சிஸ்டம் பார்க்கிற தாமோதரன் ஸ்குரூ டிரைவரும் கையுமாக வந்தான். பக்கத்து சீட் ஸ்ரீவல்லியின் கம்ப்யூட்டரைத் திறந்து மெமரி சில்லைப் பிடுங்கினான். இன்னும் இரண்டு பேருடையதையும் பிடுங்கினான். எல்லாவற்றையும் கொண்டுபோய் சாரின் கம்ப்யூட்டரில் செருகினான்.

"என் மெஷினைத் தொறந்து போட்டுட்டுப் போய்ட்டான். நான் இப்போ எதைப் பண்ணிண்டு உக்காந்திருக்கறது?" என்றாள் ஸ்ரீவல்லி. அவள் அப்பா மலைமேல் கோயிலில் கைங்கரியத்தில் இருக்கிறார். பெருமாளையே கூப்பிட்டாலும் கோவர்த்தனன் சாருக்கு உறைக்காது.

எனக்கு வழி தெரியும். பிராஞ்ச் போடும் ஜன்னலில் ஒரு கேள்வி வரும்: எதிலிருந்து நகல் எடுப்பது? சார் ஒவ்வொரு முறையும் 'என் கம்ப்யூட்டரில் இருப்பதிலிருந்து' என்பதையே தேர்ந்தெடுத்தார். அப்போது நாற்பதாயிரம் ஃபைலையும் இங்கே ஒவ்வொன்றாகத் தொட்டு, எல்லாவற்றையும் மெமரியில் ஏற்ற வேண்டும். மூச்சு முட்டத்தான் செய்யும். 'சர்வரில் இருப்பதிலிருந்து' என்று கொடுத்தால் சர்வர் தனக்குள்ளேயே ஒரு குறி போட்டுக்கொள்ளும். இங்கே ஒரு ஃபைலும் அசைய வேண்டாம். வெதுருகுப்பம் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போதெல்லாம் மேனுவலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்ப் படித்தது இது. போன மாதம் மீட்டிங்கில் சொன்னேன். "பிரேமலதா, டோன்ட் டீச் மீ. சர்வர்ல நேரா கை வைக்கக்கூடாது, தட் இஸ் த ரூல்" என்றார். அவர் போட்ட ரூல். எட்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவர் மேல் இருந்ததைவிட எனக்கு ஆத்திரம் எங்கள் மேலேயே.

இன்னொரு ரூலும் உண்டு. ஒன்பது கம்ப்யூட்டரிலும் அவருடைய ஒரே ஐடி. முதல் நாளே வந்து பாஸ்வேர்டைப் போட்டு சேமித்துவிட்டுப் போனார். யார் எழுதினாலும் லாகில் விழும் பெயர் கோவர்த்தனன். எனக்குத் தனி ஐடி வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டேன். "நேம்ல என்ன இருக்கு? வீ ஆர் ஒன் ஃபேமிலி" என்றார். குடும்பமாம்! துன்றது ஒருத்தர், தட்டு கழுவறது எட்டுப் பேர்.

அந்த லாகைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கம்பெனியில் திங்கட்கிழமை ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். நியூ ஜெர்சிக்கு ஆறு மாதம். க்ளெய்ம் பகுதியை யார் எழுதினார்களோ அவர்தான் வேண்டுமாம். இரண்டு வருஷமாக அதை வரிக்கு வரி எழுதியவள் நான். லாகில் தேடினால் எங்கும் நான் இல்லை.

என் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் எங்கள் தெருவுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு சென்னம்மா அத்தை கதவைச் சாத்திக்கொண்டது. எங்கள் தெருவுக்குப் போலீஸ் வந்தால் யாரையாவது இழுத்துக்கொண்டு போகத்தான் வரும். நைனா மாந்தோப்பில் கூலி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். காரணம் தெரிந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "எம் பொண்ணு அமெரிக்கா போவப் போவுது. அதுக்குத்தான் வந்துகீறாரு. பயப்படாதீங்க." அவரிடம் போய், நைனா, வேலையெல்லாம் என்னுது, பேர் மட்டும் வேற ஆளுது என்று எந்த வாயால் சொல்வது?

நான்கு ஐம்பதுக்கு ஹைதராபாத்திலிருந்து எம்.டி. போன். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "ஏமய்யா, அயிந்தா லேதா?" ஆச்சா இல்லையா என்று கேட்கிறார்.

"அயிபோதுந்தி சார். டூ மினிட்ஸ்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார் சார். முகம் வேர்த்திருந்தது. என் சீட்டுக்கு வந்து குனிந்தார். இங்கிலீஷ் போன இடம் தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஒளித்து வைத்திருந்த சொந்த ஊர் பாகாலாவின் பேச்சு வெளியே வந்தது.

"பிரேமா, அன்னிக்கு மீட்டிங்ல ஏதோ சொல்லிக்கினு இருந்தியே, அது இன்னாது? கொஞ்சம் காட்டேன். என் தங்கச்சி மாதிரி நீ. நம்மூரு பொண்ணு இல்லியா?"

தங்கச்சியாம். எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் பாத்திரக்கடைக்காரர் மாடியேறி வந்திருப்பார். ஸ்ரீவல்லி மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

"சொல்லிக் குடுத்துடாதேடி. நீயே போய் உக்காந்து பண்ணு" என்றாள், உதடு அசையாமல்.

போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்து 'சர்வரில் இருப்பதிலிருந்து' என்று தேர்ந்தெடுத்தேன். கீழே ஒரு பெட்டி உண்டு. என்ன செய்தோம் என்று அதில் நாம்தான் எழுத வேண்டும். சார் எப்போதும் அதில் இரண்டு வார்த்தைக்கு மேல் எழுத விடமாட்டார். இப்போது எனக்கு முதுகைக் காட்டி நின்று எம்.டி.க்கு போன் போட்டுக்கொண்டிருந்தார்.

இங்கிலீஷில் எழுதினேன். 'இந்த பிராஞ்சைப் போட்டவள் பிரேமலதா. க்ளெய்ம் பகுதியை எழுதியவளும் அவளே. இந்த ஒரே ஐடியில் நாங்கள் ஒன்பது பேர் வேலை செய்கிறோம்.' அதற்குக் கீழே ஒவ்வொருவர் பெயரும், அவரவர் எழுதிய பகுதியும். கடைசியாக கோவர்த்தனன் பெயரையும் போட்டேன். அதற்கு நேரே என்ன எழுதுவதென்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். வேலை போகும், அது தெரியும். நைனா வீடு வீடாகப் போனது ஞாபகத்துக்கு வந்தது. ஓகே-வை அழுத்தினேன்.

இரண்டு நொடி. முடிந்துவிட்டது.

"அயிந்தி சார், அயிந்தி!" என்று போனில் கத்தினார் சார். யாரோ கைதட்டினார்கள். போனை வைத்துவிட்டு, "சூப்பர்" என்று என் நாற்காலி முதுகைத் தட்டினார். பிறகு லாகைத் திறந்தார், படித்தார். முதலில் புரியவில்லை போல. இன்னொரு தடவை படித்தார்.

"இன்னா இது? அழி. இப்பவே அழி அத."

"இங்கேர்ந்து அழிக்க முடியாது சார். அது அவங்க சர்வரு. லாக்ல இருக்கறத அவங்கதான் மாத்தணும்."

"அப்போ?"

"நீங்களே மெயில் போட்டுக் கேளுங்க சார். இன்னாத்துக்கு அழிக்கணும்னு கேட்டா காரணம் சொல்லுங்க."

தாமோதரன் கையில் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றான். ஸ்ரீவல்லி எழுந்து வந்து திரையில் தன் பெயரைத் தேடினாள், கண்டுபிடித்து விரலை வைத்துப் பார்த்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

மேஜையில் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். அமெரிக்காவில் யாரோ அன்று சீக்கிரமே எழுந்துவிட்டார்கள். சார் அதை எடுக்கவில்லை. அவர் பார்வை திரையை விட்டு நகரவே இல்லை. வலப்பக்கம் நான் எழுதிய ஒன்பது பெயர்கள். இடப்பக்கம், இதை எழுதியவர் யார் என்று லாக் காட்டும் கட்டத்தில், வழக்கம்போல ஒரே பெயர்: கோவர்த்தனன்.