ஓரத்துக் குழாய்கள்

குப்பைமேட்டில் நட்டிருந்த நாற்பது குழாய்களும் அவள் பொறுப்பு. மக்கும் குப்பையிலிருந்து கிளம்பும் வாயுவை அவை உறிஞ்சி இஞ்சினுக்கு அனுப்பும்; அடிவாரத்துத் தெருக்களுக்கு அதில்தான் கரண்ட். வால்வுக்காரி என்றால்தான் அவளை யாருக்கும் தெரியும்.

"அந்த ஓரத்து மூணும் வெறும் காத்தத்தான் இழுக்குது. இஞ்சின் இருமுது. மூடிடும்மா," என்றார் இன்ஜினியர். மூடினாள். மறுநாளே ஓட்டம் சீராகி, அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்த மூன்றும் இஞ்சினுக்காக நட்டவையல்ல, கீழேயுள்ள வீடுகளுக்குக் காவலாக நட்டவை என்பது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. படித்தவருக்கே ஏறவில்லை என்றால் யாரைச் சொல்ல!

நான்காம் நாள் மத்தியானம், கீழே முதல் வீட்டைத் தாண்டும்போது கையிலிருந்த வாயு மீட்டர் அலறியது. அது அவள் தம்பி வீடு. கதவிடுக்கில் பிடித்துப் பார்த்தாள். நூற்றுக்கு ஒன்பது பங்கு வாயு. ஐந்தைத் தாண்டினாலே ஒரு பொறி போதும். மேலே போக வழியில்லாத வாயு மண்ணுக்கடியிலேயே இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. குப்பை வாடைக்குப் பயந்து இவர்கள் ஜன்னலையும் திறப்பதில்லை. பக்கத்து வீட்டில் மீட்டர் வாயைத் திறக்கவில்லை. நல்லவேளையாகத் தம்பி வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

தலைதெறிக்க மேட்டில் ஏறி மூன்று வால்வுகளையும் முழுசாகத் திறந்தாள். காற்று கலந்த வாயு உள்ளே போனதும் இஞ்சின் திணறி நின்றுவிட்டது. தெருக்களில் கரண்ட் போனது. இன்ஜினியர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டட்டும். கரண்ட் இல்லையென்றால் பொறியும் இல்லை என்று அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போன் அடித்தது. தம்பி.

"என்னக்கா, உங்க இஞ்சின் மண்டையப் போட்டுடுச்சா? ஃபேன் நின்னு தூக்கமே போச்சு."

"எங்கடா இருக்க?"

"வீட்லதான். இந்த வாரம் நைட் ஷிப்ட். யாரும் எழுப்பக் கூடாதுன்னு அவ வெளியில பூட்டிட்டுப் போயிட்டா. ஜன்னலெல்லாம் மூடி ஒரே இருட்டு, தலை வேற வலிக்குது. இந்த ஓட்டை போன்ல டார்ச்சும் எரியல. இரு, தீப்பெட்டி இங்கதான்..."

"வேணாம்டா! பத்த வைக்காத! தம்பி!"

தீக்குச்சி உரசுவது போனில் கேட்டது. அடுத்த சத்தத்தைக் கேட்க அவளுக்குப் போன் தேவைப்படவில்லை.