கட்டிலடிப் பலகைகள்

சிரில் அப்பாவை அளந்துகொண்டிருந்தான். மடக்கு அளவுகோலின் ஒரு முனையைக் குதிகாலில் பிடித்தால் மறுமுனை தலைக்குப் போவதற்குள் இடுப்பருகில் மடங்கிக்கொண்டது. மூன்று முறை அளந்ததில் மூன்று அளவு வந்தது. ஓஸ்வால்ட் உயிரோடு இருந்திருந்தால் மூன்றையும் தள்ளிவிட்டு நான்காவதாகத் தானே அளந்திருப்பார். காலை ஆறு மணிக்குக் காப்பியைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர், சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். டம்ளர்கூடக் கவிழவில்லை.

"அஞ்சடி எட்டு," என்றான் சிரில்.

"ஏழு," என்றாள் அம்மா அல்போன்சா. "எட்டுங்கறது அவரே சொல்லிக்கிட்டது."

அடக்கம் மாலை ஐந்து மணிக்கு என்று கோயிலில் சொல்லியாகிவிட்டது. குழி வெட்ட ஆள் போயாகிவிட்டது. பெட்டி மட்டும் இல்லை. கோயிலுக்குப் பின்னால் சவப்பெட்டிக் கடை வைத்திருக்கும் அலெக்சாண்டர் அதைச் சொல்ல நேரிலேயே வந்திருந்தார். உலகச் சண்டை தொடங்கி நாலாவது வருஷம். ஊரில் அறுக்கிற பலகையெல்லாம் பட்டாளத்துச் சாமான் பெட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடையிலிருந்த கடைசிப் பெட்டியில் திங்கட்கிழமைதான் ஒருத்தர் போனார். அடுத்த வண்டி வியாழக்கிழமை வரலாம், வராமலும் போகலாம். பலகை மட்டும் கொடுத்தால் மூன்று மணி நேரத்தில் பெட்டி தயார் என்று சொல்லிக்கொண்டே வந்த அலெக்சாண்டர், அறையைச் சுற்றிப் பார்த்து நிறுத்தினார்.

"ஏன் சிரில், உங்க வூட்ல இல்லாத பலகையா?"

நியாயமான கேள்வி. ஓஸ்வால்ட் ரயில்வே பார்சல் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. தச்சு வேலை அவருக்குப் பொழுதுபோக்கு என்று ஊரார் சொல்வார்கள். உண்மையில் மரம் தேடுவதுதான் பொழுதுபோக்கு. தச்சு வேலை, தேடிய மரம் காய்ந்த பிறகு செய்யவேண்டியது. ஓர் அங்குலக் கனம் காய ஒரு வருஷம் என்பது அவர் கணக்கு. காய்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் இன்னொரு வருஷம்.

கண்டோன்மென்டில் எங்கே மரம் சாய்ந்தாலும், காற்று நிற்பதற்கு முன் அவர் சைக்கிள் அங்கே நிற்கும். பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்றால் உத்தரங்களைத் தட்டிப் பார்ப்பார். ஈஜிபுராவில் ஒரு வேங்கை மரம் பட்டுப்போகிறது என்று கேள்விப்பட்டு, அது முழுக்கச் சாக இரண்டு வருஷம் காத்திருந்தார். அத்திபெலேயிலிருந்து ஒரு துண்டு ஈட்டி மரத்தைப் பஸ்ஸில் ஏற்றி, அதற்குத் தனி டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்த்தி வைத்து அழைத்துவந்தார். இப்படிப் பத்தொன்பது வருஷத்தில் சேர்ந்தவை பரணிலும் குளியலறையிலும் சமையலறைக் கதவுக்குப் பின்னாலும் இருந்தன. செய்து முடித்தவை ஒரு முக்காலி, ஒரு மாதா பீடம், இழைப்புளி வைக்க ஒரு பெட்டி.

பரணில் இருந்தது எல்லாம் குட்டை. குளியலறையில் இருந்தது எல்லாம் உருண்டை. ஆறடி நீளத்தில் வீட்டில் இருந்தவை ஐந்தே பலகைகள். அவை ஓஸ்வால்ட் கிடந்த கட்டிலுக்கு அடியில், ஒன்றின்மேல் ஒன்று படாமல் இடையில் குச்சி கொடுத்து அடுக்கப்பட்டிருந்தன. அலெக்சாண்டர் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். முனையில் பென்சிலில் எழுதியிருந்தது: பலா. ஜோகுபாளையம் கிணற்றடி. 38 மார்ச். அ.அ.

"இது போதும்," என்றார்.

"அது காயல," என்றாள் அல்போன்சா.

மண்ணுக்குள்ளே போகிற பலகை காய்ந்தால் என்ன, காயாவிட்டால் என்ன என்று அலெக்சாண்டர் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார். அவள் அதையே திரும்பச் சொன்னாள். இந்த மரங்களைப் பற்றி அவள் ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஒருதரம் ஈட்டித் துண்டு ஒன்றை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டு, 'நல்லா எரியுது' என்று அவரிடமே சொன்னாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் வீட்டில் பேச்சு இல்லை. துக்கத்தில் ஏதோ பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு சிரில் அப்பாவின் சைக்கிளை எடுத்தான்.

அல்சூர் ஏரிப் பக்கம் ரங்காவின் விறகு டிப்போ. ஓஸ்வால்ட் சனிக்கிழமைகளில் ஆபீஸ் விட்டு நேரே போகிற இடம் அதுதான்.

"கட்டை வேணும்," என்றான் சிரில்.

"எத்தனை மணு நிறுக்கணும்?" தராசை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டான் ரங்கா.

"ஆறடியில அஞ்சு இருந்தா போதும். அப்பா காலைல போயிட்டார்."

ரங்கா எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "எரிக்கிறீங்களா தம்பி? நீங்க சர்ச்சுக்காரருன்னுல்ல நெனச்சேன்."

"புதைக்கிறதுதான். கட்டை பெட்டிக்கு."

"அதானே பாத்தேன்."

டிப்போ முழுக்க இரண்டடிச் சவுக்கு விறகுதான். அறுக்காத வேங்கை ஒன்று மூலையில் கிடந்தது. ஓஸ்வால்ட் சார் எடுத்து வைக்கச் சொன்னது என்று ரங்கா காட்டினான். அதை அறுக்க ரம்பக்காரர்களுக்கு இரண்டு நாள் ஆகும். விறகு வண்டி வந்தால் சார் முதலில் ஏறிப் பார்ப்பாராம். ஒவ்வொரு கட்டையாகத் திருப்பி, இதை எரிக்காதே, அதை எரிக்காதே என்பாராம். அவர் வீட்டுக்குப் போன பிறகு விறகு விற்கவே தனக்குக் கூச்சமாக இருக்கும் என்றான். பிறகு நினைவு வந்தவனாகக் கேட்டான்.

"உங்க வூட்ல பலா இருக்குமே? அறுத்து நான்தானே வண்டியில ஏத்தினேன்."

"அது காயலயாம்."

"யாரு சொன்னது?"

"அம்மா."

"அஞ்சு வருசம் தம்பி. அது காயலன்னா நானும் காயல." ரங்கா சிரிக்கத் தொடங்கி, சமயம் தெரிந்து நிறுத்திக்கொண்டான். "போன வருசமே சொன்னாரே. காஞ்சாச்சு ரங்கா, தொடத்தான் பயமா இருக்குது, அலமாரி கோணலா வந்துட்டா அவ மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னாரு."

"எந்த அலமாரி?"

"உங்கம்மாவுக்குத்தான். பலகையில எழுதியே வெச்சிருக்காரே. அல்போன்சா அலமாரி."

அ.அ. என்றால் 'அவசரம் அல்ல' என்று சிரில் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

அம்மாவின் புடவைகள் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. நல்ல புடவை எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரே மாதிரித் துருக்கறை. அந்தக் கறை மடிப்புக்குள் போகிற மாதிரி கட்ட அவள் பழகியிருந்தாள். சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது இதெல்லாம் அவனுக்கு வரிசையாக நினைவு வந்தது. நினைவு வராமல் இருந்தால் மிதிக்க இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் வந்தபோது பன்னிரண்டரை. அல்போன்சா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அலெக்சாண்டர் வாசலில், போவதா இருப்பதா என்று தெரியாமல், உளிப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வேற எங்கயும் இல்லம்மா."

அவள் கட்டில் விரிப்பைக் கீழே இழுத்துவிட்டாள்.

"அது காஞ்சிருச்சுன்னு ரங்கா சொல்றான்."

"தெரியும்," என்றாள் அல்போன்சா. "தெனம் கட்டிலடியில குனிஞ்சு பெருக்கறவ நான். எனக்குத் தெரியாதா?"

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. அவள் கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"எத்தனை வேணுமாம்?"

"அஞ்சு."

"இருக்கறதே அஞ்சு."

"ஆமாம்மா."

"நீ அந்தப் பக்கம் பிடி," என்று அவள் எழுந்தாள். "கட்டிலை நகத்தாம எப்படி எடுப்பே?"

சைக்கிளில் வந்தவரையும் சேர்த்து நான்கு பேர் ஓஸ்வால்டைக் கட்டிலோடு தூக்கி ஜன்னலோரம் வைத்தார்கள். பலகைகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. தரையில் குச்சிகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

அலெக்சாண்டர் கொல்லையில் இழைக்க ஆரம்பித்தார். பழுப்பு மேல்தோல் போனதும் உள்ளே மஞ்சள் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் ஓஸ்வால்டைப் பார்த்தார்கள். பிறகு கொல்லைக்குப் போய் வெகுநேரம் பலகையைப் பார்த்தார்கள். பார்சல் ஆபீசிலிருந்து வந்த சேஷகிரி சிரிலின் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நல்ல மனுஷன் இனிமேல் கிடைப்பாரா என்றார். கையை விடாமலே, இந்த மாதிரிப் பலா இப்போ எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார். சிரில் ரங்காவின் டிப்போவுக்கு வழி சொன்னான்.

பெட்டி நாலு மணிக்கு முடிந்தது. கோணல் ஒன்றும் இல்லை. அளவுதான் பெரிதாகிவிட்டது. இருபத்துநாலு அங்குல அகலத்தில் முடிச்சே இல்லாத பலகை. அதைப் போய் எப்படி நீளவாக்கில் கிழிப்பது, தனக்கு மனசு வரவில்லை என்று அலெக்சாண்டர் குற்றவாளி போல நின்று சொன்னார். தூக்குபவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஓஸ்வால்டை உள்ளே கிடத்தியபோது வலது பக்கம் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. போகிற வழியில் அவர் புரளாமலிருக்க ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் அலெக்சாண்டர். வைக்கோல் இருந்தால்கூடப் போதும்.

அல்போன்சா உள்ளே போனாள். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பட்டுப் புடவைகளைக் கையில் அடுக்கிக்கொண்டு வந்து, கணவரின் தோளுக்கும் பலகைக்கும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள்.

அலெக்சாண்டர் மூடியைத் தூக்கினார்.

"இருங்க," என்றாள்.

குனிந்து, மேலே இருந்த புடவையை எடுத்து, கறை ஓரம் உள்ளே போய், மடிப்பு முன்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தாள்.