காதைத் தவிர எல்லாம்

கால்நடைக் கல்லூரியில் நான் கற்கும் வித்தையைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். வகுப்பில் நான்கு ஆடுகளை வரிசையாக நிறுத்துவார்கள். எது முதல், எது கடைசி என்று தரம் பிரித்துவிட்டு, ஏன் அப்படிப் பிரித்தேன் என்று நடுவர் முன்னால் நின்று பேச வேண்டும். பேச்சுக்குத்தான் பாதி மதிப்பெண்.

முதல் நாளே, காது கிழிந்திருந்த ஒரு பெட்டையைக் கடைசிக்குத் தள்ளினேன். பெருநாளில் ஆட்டைக் குர்பானி கொடுக்கும் வீட்டில் பிறந்தவளுக்குக் கண் வேறெங்கே போகும்? காதில் பாதி போயிருந்தால் பெருநாளுக்கு அந்த ஆடு செல்லாது. சயாமா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் ஆசிரியை பர்மியில் கேட்டார்: "ஏம்மா, நீ காதுலயா பால் கறப்பே?"

வகுப்பே சிரித்தது. அந்த அவமானத்தில் ஆட்டுக்குக் காது என்று ஒன்று இருப்பதையே மறந்தேன். முதுகு, மார்பு, கால், நடை, அவ்வளவுதான். தரம் பிரிக்கும் போட்டிக்கான கல்லூரி அணியில் எனக்கு இடமும் கிடைத்தது.

போட்டி மாண்டலேயில். போவதற்கு வாப்பா சம்மதிக்க வேண்டும். என் வாப்பா காஜா மைதீனுக்கு மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில் பாத்திரக்கடை. ஜமாஅத்தில் பாதிப் பேருக்குப் பெருநாள் ஆடு பார்த்துக் கொடுப்பவரும் அவர்தான்.

"இந்த வருசம் நம்ம ஆட்ட நீ பாரு, ஹுஸ்னா. சரியாப் பாத்தா மாண்டலே போ. இல்லாட்டி பேசாம கடையில வந்து ஒக்காரு," என்றார்.

ஆடுகள் வந்து இறங்கும் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போனோம். ஒரு கறுப்புக் கிடாயைப் பார்த்ததும் மற்றவை கண்ணில் படவே இல்லை.

"காரணம் சொல்லு. போட்டியில சொல்ற மாதிரி பர்மாப் பேச்சுலயே சொல்லு," என்றார் வாப்பா.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினேன். சமமான முதுகு, அகன்ற மார்பு, நேரான கால்கள், பிசகாத நடை. வாப்பா வாய் பிளந்து கேட்டார். ஆட்டுக்காரரும் கேட்டார். நான் முடித்ததும் அவர் விலையை ஏற்றிவிட்டார். தன் ஆட்டின் அருமை அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலும். வாப்பா பேரம்கூடப் பேசவில்லை.

வீட்டு வாசலில் உம்மா கிடாயை ஒரே பார்வைதான் பார்த்தார். "இதுக்கு எடது காது எங்கே?" என்றார். பாதிக்கு மேல் இல்லை. எப்போதோ கிழிந்து ஆறிப்போயிருந்தது.

மாண்டலே போச்சு. வாப்பா கிடாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்தக் காதைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"வருசக்கணக்கா நான் ஆட்டுல மொதல்ல காதத்தான் பாப்பேன். ஒம் பேச்சக் கேட்டுக்கிட்டு நின்னதுல அது மறந்தே போச்சு."

"மன்னிச்சிருங்க வாப்பா."

"மன்னிப்பு என்னத்துக்கு? எங் கண்ணையே கட்டிட்டே, அந்த ஜட்ஜு எம்மாத்திரம். மாண்டலே போயிட்டு வா." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஜமாஅத்துல யார்ட்டயும் சொல்லிராதே. நாளைக்கு வேற ஆடு வாங்க ஒங்க உம்மா வருவா. நம்ம ரெண்டு பேரும் வாயத் தெறக்க வேணாம்."