ஓங்கிய கட்டைக்கத்தி

பொழுது விடிந்தும் ரிஷிவந்தியத்தில் தெருக்கூத்து முடியவில்லை. இளவரசன் வேஷம் கட்டிய சுபாஷ், அப்பனைக் கொன்ற ராஜாவை வெட்டிப் பழிதீர்க்க வேண்டியவன், கட்டைக்கத்தியை ஓங்கியபடி நின்றுகொண்டிருந்தான். ராஜா வேஷத்தில் மண்டியிட்டிருந்த தெய்வசிகாமணி, அவன் காதலிக்கும் எழில்மதியின் அப்பா. நேற்றுதான் அவரிடம் பெண் கேட்டிருந்தான். மனுஷன் வாயே திறக்கவில்லை. வெட்டினால் கோபித்துக்கொள்வாரோ? வெட்டாமல் எப்படி மங்களம் பாடுவது?

"இன்னாப்பா, நல்ல நேரம் பாத்துக்கினு இருக்கியா?" என்று கோமாளி கேட்க, சனம் கொல்லென்று சிரித்தது.

இதுவரை அவனை 'டேய்' என்றே கூப்பிட்ட தெய்வசிகாமணி, கிரீடத்துக்கடியில் முனகினார்: "முட்டி வலிக்குது. சீக்கிரம் வெட்டுங்க, மாப்ள!"

சுபாஷ் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு, அப்பனைக் கொன்ற பாவியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.