பாண்டுரங்கன் பிடித்த நூற்றுக்கு ஐந்து

அது எண்பத்து மூன்றாம் வருஷத்துப் புளி சீசன். ஜமுனாமரத்தூரில் புளிக்கடை வைத்திருந்த அம்சவல்லியை ஒரே கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. மலை முழுக்க அலைந்து வாங்கி, ஆறு பெண்களை வைத்து உடைத்துக் கொட்டை எடுத்து, வேடியப்பன் ஜீப்பில் ஏற்றி வேலூர் மண்டிக்கு அனுப்பியும் கையில் ஏன் ஒன்றும் நிற்கவில்லை? இந்த வருஷமும் நிற்காவிட்டால் கடையை மூடிவிட்டுக் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

மண்டிக்காரர் ரொக்கம் கொடுப்பதில்லை, செக்தான். மலைக்காரர்கள் எல்லாரும் செய்ததையே அவளும் செய்தாள். மலையடிவாரத்துச் சந்தவாசலில் இறங்கி, மளிகைக்கடை பாண்டுரங்கனிடம் செக்கின் பின்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அவர் நூற்றுக்கு ஐந்து பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். "நானா எடுக்கறேன்? பேங்க்காரன் புடிக்கறாம்மா" என்பார், தனக்கே வலிப்பதுபோல. புண்ணியவான்!

புளி வாங்குகிற இடத்தில் மலையில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று மொத்தமாகச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஒரு கை அள்ளி எதிரிலேயே உடைத்து, ஓடு தனி, நார் தனி, கொட்டை தனி என்று குவித்துக் காட்டவேண்டும். அந்தச் சீசனில் ஒரு தடவை ஆயிரத்து இருநூறு ரூபாய் செக்கில் அறுபது ரூபாய் போனபோது அம்சவல்லிக்குச் சுருக்கென்றது. ஒரு கை புளியில் இத்தனை கறார் பார்க்கிறவள், இந்த அறுபதை ஒரு நாளும் உடைத்துப் பார்க்கவில்லையே! தன் மேலேயே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த லோடுக்கும் அதே தொகைதான். அந்தச் செக்கோடு நேராகப் போளூர் பேங்க்குக்குப் போனாள்.

"சார், இதுக்கு நீங்க எவ்ளோ புடிப்பீங்க?"

கிளார்க் ராஜாக்கண்ணு தலை நிமிராமல், "கமிஷன், தபால் செலவு எல்லாம் இருக்கும்மா" என்றார்.

"மொத்தமா சொல்லாதீங்க. ஒன்னொன்னும் எவ்ளோ?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அசையவில்லை. ராஜாக்கண்ணு பெருமூச்சு விட்டு ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். கமிஷன் ஆறு ரூபாய், தபால் இரண்டு.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா பணம் வர பதினஞ்சு நாள் ஆவும்."

அறுபதில் எட்டுதான் பேங்க்குக்கு. மீதி ஐம்பத்திரண்டும் பாண்டுரங்கனுக்கு! சீசனுக்குப் பன்னிரண்டு லோடு என்று பெருக்கிப் பார்த்தாள். அறுநூறைத் தாண்டியது. இத்தனை வருஷமாகக் காணாமல்போன லாபம் இருந்த இடம் தெரிந்துவிட்டது.

கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். ஜீப் லோன் வாங்கியிருந்த வேடியப்பன் போட்டான். புளி உடைக்கும் பெண்களிடம், "கூலிக்குப் பதினஞ்சு நாள் பொறுத்துக்கங்கடி, கிலோவுக்கு அஞ்சு பைசா கூடத் தர்றேன்" என்றாள். முகத்தைச் சுளித்தாலும் பொறுத்தார்கள்.

பணம் வந்து சேர்ந்த வாரம் பாண்டுரங்கன் கடைக்கு உப்பு வாங்கப் போனாள். செக்கை மேஜைமேல் வைத்துவிட்டு நான்கு மலை வியாபாரிகள் நின்றிருந்தார்கள். பாண்டுரங்கன் வழக்கம்போல அவளிடமும் கையை நீட்டினார்.

"செக்கு எங்கம்மா?"

"பேங்க்ல போட்டுட்டேங்க."

அவர் முகம் விழுந்தது. "இன்னாத்துக்கு அவ்ளோ அலைச்சல்? உனுக்குன்னா நூத்துக்கு மூணு போதும்."

அவள் உப்புப் பையைக் கட்டினாள்.

"சரி, ரெண்டு. அட, ஒன்னு குடும்மா!"

"ஒன்னுன்னா கட்டுப்படி ஆவுங்களா?"

"தாராளமா ஆவும்."

"அப்ப இத்தினி வருசமா அஞ்சு இன்னாத்துக்குங்க?"

பாண்டுரங்கன் தராசைத் துடைக்கத் தொடங்கினார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. அந்த நால்வரில் ஒருவரான சடையன், மேஜைமேல் வைத்த தன் செக்கை மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டார். மற்ற மூவரும் எடுத்தார்கள்.

"பேங்க்கு எந்தப் பக்கம்மா?" என்றார் சடையன்.

"வெளியில ஜீப்பு நிக்குது, ஏறுங்க" என்றாள் அம்சவல்லி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வேடியப்பனுக்குத் தெரிந்த வழிதான் என்றாலும், போளூர் பேங்க் வாசல்வரை அவளே வழி சொல்லிக்கொண்டு போனாள்.