மிச்சம் ஊற்றும் ஜாடி

மேசை நடுவில் இருந்த எவர்சில்வர் ஜாடியிலிருந்து மாப்பிள்ளையின் கிளாஸை நிறைத்தது நான்தான். ஜாடியில் பாதிவரை பீர் இருந்தது. காவலுக்கு ஆளில்லை. இவ்வளவு பெரிய கடையில் இதுகூடவா சும்மா தரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஓசி என்றால் எனக்குக் கண் தெரியாது. மாப்பிள்ளை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"நல்லாருக்கு மச்சான். இதுதான் புதுசா?"

பரிமாறுகிற பெண் ஓடி வந்தாள்.

"ஐயையோ, சார்! அது குடிக்கிறதில்ல. ருசி பாத்துட்டுப் பிடிக்காததை ஊத்துற ஜாடி. இந்த மேசையில உக்காந்த எல்லார் எச்சிலும் அதுலதான்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். நனைந்த காகிதக் கைக்குட்டை ஒன்றும் பல்குச்சி ஒன்றும் மிதந்தன. பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

"பொண்ணு எடுத்த வீட்டு மரியாதை இன்னிக்குத்தான் முழுசாத் தெரிஞ்சுது" என்றார் மாப்பிள்ளை.

அவர் என் தங்கையின் கணவர். பீர் ஆலையில் தொட்டி கழுவுகிறார். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விடுப்பு அமைவது குதிரைக்குக் கொம்பு முளைத்த மாதிரி. அதனால் காலையிலிருந்தே ஊர் சுற்றினோம். பாலத்தில் நின்று படகு பார்த்தோம். செருப்புக் கடையில் விலை கேட்டுவிட்டு, திரும்பி வந்து வாங்குகிறவர்கள் மாதிரியே வெளியே வந்தோம். அப்போதுதான் இந்தக் கடை வாசல் பலகை கண்ணில் பட்டது. மாப்பிள்ளையின் ஆலையிலிருந்து, விதவிதமான வாசனையில் காய்ச்சுகிற கிராஃப்ட் பீரில் புதுசு ஒன்று வந்திருக்கிறதாம்.

"வேணாம் மச்சான், டீ குடிப்போம்" என்றார். நான்தான் விடவில்லை. "உங்க கை பட்ட தொட்டியில வந்த பீரு. நீங்க குடிக்காம வேற யாரு குடிக்கிறது?"

அந்தப் பெண் ஜாடியைத் தள்ளி வைத்துவிட்டு, ருசி பார்க்க மரப்பலகையில் நாலு குட்டி கிளாஸ்களை வைத்து வரிசையாகச் சொன்னாள். முதலாவதில் ஆரஞ்சுத் தோல் வாசனை, அடுத்ததில் காபி, அதற்கடுத்தது புளிப்பு, கடைசியில் இருப்பது புதுசு, அதில் புகை வாசனை.

புதுசை ஒரு வாய் வைத்தேன். எரிகிற விறகைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்தது போலிருந்தது. என் முகம் லிஃப்டில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவன் முகம் போல் ஆகியிருக்க வேண்டும். மாப்பிள்ளையும் குடித்தார். முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகுதான் அவர் முகமும் கோணியது.

எனக்குச் சுருக்கென்றது. ஆரஞ்சு வாசனை கிளாஸை அவர் பக்கம் தள்ளினேன்.

"இதுல காபி கொஞ்சம் தூக்கல் இல்ல?"

"ஆமா, தூக்கல்தான்."

அடிப்பிடித்த சோற்றைக்கூட முகம் சுளிக்காமல் சாப்பிடுகிற மாப்பிள்ளை எங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். போன மாதம் அடுப்பில் கேஸ் கசிந்தபோது அவர் வீட்டில்தான் இருந்தார். வெளியே போயிருந்த தங்கை திரும்பி வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். கும்பகர்ணன் என்று அவரை நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம். தூங்கவில்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"மாப்ளே, உங்களுக்கு வாசனை தெரியுதா?"

"சளி மச்சான்."

"எப்பலேர்ந்து?"

"வெயில் காலத்துல பிடிச்சுது."

"வெயில் காலத்துல என்ன சளி?"

"தூசி." பலகையில் சிந்தியிருந்த பீரை விரலால் ஓரத்துக்குத் தள்ளினார். விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்து இருந்தன. தொட்டி கழுவுகிற மருந்தின் வேலை.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"ஆலை டாக்டர் எழுதுற சீட்டு நேரா மேனேஜர் மேசைக்குப் போகும். மூக்கு இல்லாதவனுக்குத் தொட்டிப் பக்கம் என்ன வேலைம்பாங்க. உங்க தங்கச்சிகிட்ட உளறிடாதீங்க. ரெண்டு பிள்ளைங்களுக்கும் இப்பதான் பள்ளிக்கூடம் தொறந்திருக்கு."

கழுவி முடித்த தொட்டிக்குள் தலையை விட்டு, மருந்து நெடி போய்விட்டதா என்று மோந்து பார்த்துச் சொன்னால்தான் அதில் பீர் நிரப்புவார்கள். இதை அவரே கல்யாணப் புதிதில் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார், தண்ணீர்க் குடத்துக்குள் தலையை விட்டு. அன்று வீடே சிரித்தது.

"அப்ப தொட்டிய?" என்றேன்.

"தொட்டிக்கென்ன, பளபளன்னு இருக்கு."

"பேச்சை மாத்தாதீங்க மாப்ளே. யாரு மோந்து பாக்குறது?"

அவர் அந்தப் பெண்ணைத் தேடினார். அவள் தூரத்தில் இன்னொரு மேசைக்கு ஆரஞ்சுத் தோலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரு மச்சான். தொட்டி கழுவுற எங்க செட்டுல நாலு பேருக்கும் அவர்தான் மோந்து பாத்துச் சொல்றாரு. அவருக்கு மட்டும் இன்னும் வாசனை வருது."