ஆளுக்கு ஓர் ஆழாக்கு

மாதம் பிறந்து பதின்மூன்றாம் நாள் காலையில் ஜெயவேல் ராயபுரத்துக் குழாயடியில் மயங்கி விழுந்தான். இன்டர்மீடியட் படிக்கிற பிள்ளை. பொன்னேரிப் பக்கத்திலிருந்து மணியார்டர் வந்தால் பத்து நாள் ஓட்டலில் ராஜ போஜனம். மிச்ச நாளெல்லாம் டீயும் பன்னும். ஆண்பிள்ளை அடுப்பூதுவதா என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவனுக்குப் பசியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

பக்கத்து அறையில் துறைமுகத்தில் கரி இறக்கும் ஐந்து பேர் குடியிருந்தார்கள். அவர்களில் ரஷீது இவன் வயதுக்காரன். அவன்தான் தூக்கிவந்து கஞ்சி கொடுத்தான்.

"இன்னா நைனா, பரிச்சைக்கு ஒரு மாசந்தான் கீது. இப்டிக் காஞ்சிகினு இருந்தா எப்டி எய்துவே? துட்டு வந்த அன்னிக்கே அரிசி, பருப்பு வாங்கிப் போட்டுடு. எங்களோட சேந்துக்கோ. ஆனா ஒண்ணு, இங்க ஆளுக்கொரு நாள் சமையல். மேஸ்திரிகூடத் தப்ப முடியாது."

மீன் கழுவவும் கஞ்சி வடிக்கவும் ரஷீதே காட்டிக்கொடுத்தான். முதல்முறை தனியாக உலை வைத்தபோது ஜெயவேல் தன் வயிற்றைக் கொண்டே கணக்குப் போட்டான்: ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசி. நாள் முழுக்கக் கரி சுமந்தவர்களுக்கு அது எந்த மூலைக்கு? பானை நொடியில் காலி. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வடித்த கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு எழுந்தார்கள். ஜெயவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அய்ய, இதுக்குப் போயி அழுவியா? எங்க பசி உனுக்கு எப்டித் தெரியும்? அடுத்த வாட்டி ரெண்டா போடு" என்றான் ரஷீது. என்ன மனிதர்கள்!

மயங்கி விழுந்த சேதி ஊருக்கு எட்டி, பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில் அப்பா அய்யாத்துரை வந்து நின்றார். மகன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு குழம்பு கிண்டிக்கொண்டிருந்தான்.

"படிக்க அனுப்புனா கரண்டி புடிக்கிறியா? படிச்சது போதும். மூட்டையைக் கட்டு!"

ஜெயவேல் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "அவங்க பசியோட வர்ற நேரம்ப்பா. போட்டுட்டு வரேன். நீங்களும் கையக் கழுவிட்டு உக்காருங்க."

வேலை முடிந்து வந்த ஐந்து பேரும் அய்யாத்துரையோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்காமலே அவன் பரிமாறியதை அய்யாத்துரை கவனித்தார். கடைசியில் பானைக்குள் எட்டிப் பார்த்துத் தனக்கும் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு மகன் உட்கார்ந்தபோது, அவர் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது.

வீட்டில் சாப்பிட்ட தட்டை ஒருநாளும் நகர்த்தியறியாத மனிதர், தானே எடுத்துப்போய்க் குழாயடியில் கழுவினார். திரும்பி வந்து மகன் தோளைத் தொட்டார்.

"இருந்து பரிச்சை எழுதுடா. இருபது வருசமா உங்கம்மா எனக்குச் சோறு போடுறா. பானையில அவளுக்கு மிச்சம் இருக்கான்னு நான் ஒருநாள்கூடப் பாத்ததில்ல. சோறாக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் அடுத்தவங்க பசி தெரியும். ஆம்பளைக்கும் அது படிப்புதாண்டா."